இப்போ யாரு முறை?

புதிதாக விசில் வாங்கியிருக்கும் பிள்ளைகளே, விதிப் புத்தகத்தை நீங்கள் என்னைவிட நன்றாக மனப்பாடம் செய்திருப்பீர்கள். போனஸ் கோடு, லாபி, பாட்டு விட்டால் அவுட் என்று அதையெல்லாம் மறுபடி பேச எனக்குப் பொறுமை கிடையாது. பொறுமை எனக்கு எப்போதுமே கிடையாது என்பதை என்னிடம் படித்தவர்கள் சொல்வார்கள். பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்தேன். விடுமுறை நாளெல்லாம் கபடி நடுவராக மைதானத்தில் நின்றேன். முட்டைகூட வாசற்படி ஏறாத சைவக் குடும்பத்துப் பெண், வாயில் விசிலை வைத்துக்கொண்டு மண்ணில் நிற்பதைப் பற்றிச் சொந்தக்காரர்கள் சொன்னதைத் தொகுத்தால் தனிப் புத்தகமே போடலாம். அதை விடுங்கள். நான் சொல்ல வந்தது ஒரே ஒரு காரியம். அடிபட்டு விழுந்த ஒருத்தி எழுந்து நின்ற பிறகு, விசில் ஊதுவதற்கு முன்னால் நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்பது.

எனக்குத் தொழில் காட்டிய மூத்த நடுவர் இதற்கு வைத்திருந்த பாடம் சின்னது. "எழும்பிட்டாளா? நல்லா இருக்கேன்னுட்டாளா? அப்போ ஊது. ஆட்டம் ஆறிப்போச்சுன்னா கூட்டம் கலைஞ்சிரும்." நல்ல மனிதர், நேர்மையானவர். அன்றைக்கு எல்லோருக்கும் அதுதான் பாடம். தலையில் ரத்தம் வந்தால் பயப்படுவோம். ரத்தம் வராவிட்டால் சோடாவை முகத்தில் அடிப்போம்.

எங்கள் பக்கத்தில் கோயில் கொடைத் திருவிழாவை ஒட்டி நடக்கும் போட்டிகளில் ஒரு வழக்கம் உண்டு. அடிபட்டுச் சாய்ந்தவள் எழுந்து, மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டால், விழாக் கமிட்டிக்காரர் ஒருவர் ஓடிவந்து அவள் தோளில் துண்டு போர்த்துவார். மைக்கில் அவள் பெயரையும் அப்பா பெயரையும் சொல்வார்கள். எவ்வளவு சீக்கிரம் எழுகிறாளோ அவ்வளவு கைதட்டல். எத்தனையோ ஊர்களில் ஆட்டம் நடத்தியிருக்கிறேன், விழுந்ததற்குத் துண்டு போடுவதை இங்கே மட்டும்தான் பார்த்தேன்.

அந்தத் துண்டுகளை அதிகம் வாங்கியவள் பத்தமடை முத்துமாரி. கார்னரில் நிற்பாள். பாடி வருகிறவளின் காலைப் பிடிக்க மற்றவர்கள் கையை நீட்டுவார்கள், இவள் தலையை முன்னால் கொடுத்துப் பாய்வாள். வந்தவளின் முழங்கால் இவள் நெற்றியிலோ பொட்டிலோ போய் மோதும். பிடி மட்டும் விடாது. இரும்புத்தலை என்று ஊர் பெயர் வைத்தது, அவளும் அதைப் பட்டம்போல ஏற்றுக்கொண்டாள். அவள் வீட்டுக் கொடியில் காயும் துண்டெல்லாம் தலையால் சம்பாதித்தது என்று தோழிகள் கேலி செய்வார்கள். ஒருமுறை அப்படி அடிபட்டு எழுந்தவள், நேராகப் போய் எதிரணியோடு சேர்ந்து நின்றுகொண்டாள். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அவளும் சிரித்தாள். அந்தக் கதையைப் பல வருடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

ஆட்டத்தை விட்ட பிறகு மாரி நடுவர் தேர்வு எழுதி எங்கள் கூட்டத்தில் சேர்ந்தாள். கூர்மையான கண். பாடுகிறவளின் கால் கோட்டுக்கு மேலே ஒரு விரல் உயரத்தில் நிற்கிறதா, தொட்டுவிட்டதா என்று அவள் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். நான் ஓய்வுபெற்றபோது என் விசிலை அவளிடம்தான் கொடுத்தேன்.

சில ஆண்டுகள் கழித்து ஒரு காலையில் மாவட்ட நடுவர் குழுவின் செயலாளர் போன் செய்தார்.

"டீச்சர், நம்ம மாரி மேல ஒரு புகார் வந்திருக்கு. சாத்தான்குளம் பக்கம் நடந்த பொம்பளப் பிள்ளைய போட்டியில காசு வாங்கிட்டு ஆட்டத்த மாத்திட்டான்னு சொல்லுதாவ."

"எவன் சொன்னது அண்ணாச்சி?"

"தோத்த டீமோட மேனேஜர். கடைசி நேரத்துல முறை மாத்தி ரைடு குடுத்துட்டா. கேக்கப் போனவன அடிக்கப் பாஞ்சிருக்கா. அதுமட்டுமில்ல, கையில ஏதோ சிக்னல் காட்டுதான்னு வீடியோ வேற வச்சிருக்கான். ஞாயித்துக்கிழமை கூட்டம் போடுதோம். நீங்க பாத்துச் சொன்னா யாரும் மறுபேச்சு பேச மாட்டாவ. வாங்குனாளா, வாங்கலையா. ஒத்த வார்த்தை போதும்."

வீடியோ வந்தது. மாரியின் மணிக்கட்டில் முடிக்குப் போடும் சிவப்பு ரப்பர் பேண்ட் ஒன்று கிடந்தது. அதை அவள் இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றுகிறாள். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் இடது கைக்கு. கூட்டத்தில் பந்தயம் கட்டுகிறவர்களுக்குக் காட்டும் அடையாளம் என்று மேனேஜர் சொன்னது சும்மா சொன்னதாகத் தெரியவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்படியில் போய்ப் பாத்திரங்களை உருட்டினேன். எனக்குக் கோபம் வந்தால் அதுதான் வழக்கம்.

பிறகு போன் சத்தத்தைச் சுத்தமாக அடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். மைதானச் சத்தம் இல்லாமல் பார்த்தால் கண்ணுக்குச் சில விஷயம் தெரியும். பேண்ட் இடது கையில் இருக்கும்போது இடப்பக்கத்து அணி பாடிப் போகிறது. முடிந்ததும் பேண்டை வலது கைக்கு மாற்றுகிறாள், வலப்பக்கத்து அணி பாடிப் போகிறது. ஒருவருக்கும் சாதகமில்லை. கடைசிவரை, ஒவ்வொரு ரைடுக்கும், ஒரேபோல். அப்புறம் இடப்பக்கத்துப் பிள்ளை பாடிப் போன இடத்தில் அடிபட்டு விழுகிறாள். மாரி ஓடுகிறாள், தூக்குகிறாள். துண்டோடு கமிட்டிக்காரர் வருகிறார், கைதட்டுகிறார்கள். மாரி தன் இடத்துக்குத் திரும்பி வந்து மணிக்கட்டைப் பார்க்கிறாள். அவசரத்தில் மாற்றாத பேண்ட் இன்னும் இடது கையிலேயே இருக்கிறது. அவள் இடப்பக்கத்து அணியையே மறுபடி பாடிப் போகச் சொல்கிறாள்.

மாரி காசு வாங்கவில்லை என்பது அப்போதே எனக்கு உறுதியாகிவிட்டது. ஆனால் நிம்மதி வரவில்லை. ஒரு அணி போனால் அடுத்தது மற்ற அணி. தெருவில் விளையாடும் குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம். அதை நினைவில் வைக்க ஒரு நடுவருக்கு ரப்பர் பேண்ட் எதற்கு?

பஸ் பிடித்துப் பத்தமடைக்குப் போனேன். மாரியின் வீட்டுக்காரர் மினி பஸ் டிரைவர், சாதுவான மனிதர். அன்றைக்கு அவர் வீட்டில் இருந்தார். மாரி எனக்கு டீ கொண்டுவந்தாள். நான் குடித்து டம்ளரைக் கீழே வைத்தேன். கொஞ்ச நேரம் பேசியிருந்துவிட்டு, "டீ குடிக்கியளா டீச்சர்?" என்று எழுந்தாள். எனக்குக் கேட்கவே பயமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன்.

"ஏட்டி மாரி, அந்தச் சிவப்பு ரப்பர் பேண்ட் எதுக்கு?"

என்னைப் பார்த்த பார்வை அவளுடையதாகவே இல்லை. "நீங்களும் வேவு பாக்கத்தான் வந்தியளா?" என்று கத்தினாள். காலி டம்ளர் பறந்துபோய்ச் சுவரில் மோதியது. வீட்டுக்காரர் வந்தார், குனிந்து டம்ளரை எடுத்தார், உள்ளே கொண்டுபோனார். அவர் முகத்தில் ஆச்சரியம் இல்லை. அந்த வீட்டில் இது புதிதில்லை என்று எனக்குப் புரிந்தது.

மாரி தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள்.

"முறை மறந்து மறந்து போவுது டீச்சர். கால் கோட்டத் தொட்டுச்சா தொடலையான்னு கண்ணு இப்பவும் சரியாத்தான் பாக்கும். ஆனா முந்துன ரைடு யாரு போனான்னு கேட்டா வெறுமையா இருக்கும். அதான் பேண்ட் போட்டேன். ஒரு வருசமா அதுலதான் ஓட்டுதேன். தண்ணி மோட்டாரப் போட்டா நிறுத்த மறந்துருதேன். கோவம் வந்தா நான் என்ன பேசுதேன்னு எனக்கே தெரிய மாட்டேங்கு. இவியள ஒரு நாள் கை நீட்டி அடிச்சிட்டேன்."

"அதெல்லாம் எதுக்கு இப்போ?" என்றார் வீட்டுக்காரர் உள்ளிருந்து.

மறுநாள் மூன்று பேருமாகத் திருநெல்வேலியில் நரம்பியல் டாக்டரைப் பார்க்கப் போனோம். டாக்டரம்மாவுக்கு என் வயதில் பாதி இருக்கும். அவசரப்படாமல் கேட்டார்கள். தலையில் எத்தனை தடவை அடிபட்டிருக்கும் என்று கேட்டபோது மாரிக்குச் சிரிப்பு வந்தது. "எண்ணுனா விளையாட முடியுமா டாக்டர்?" என்றாள். அடிபட்டு எழுந்த பிறகு குழப்பம் வந்ததுண்டா என்று கேட்டார்கள். எதிரணியோடு போய் நின்ற அந்தக் கதையை நான் சொன்னேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. அத்தனை வருடம் சிரித்த கதை, அந்த அறையில் யாரும் சிரிக்காத கதையாகிவிட்டது.

ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்த பிறகு சொன்னார்கள். "குத்துச்சண்டைக்காரங்க, முட்டி மோதி விளையாடுற ஆட்டக்காரங்க சில பேருக்கு இப்படி வருது. ஒரு பெரிய அடியால வரணும்னு இல்ல. வெளியே காயமே தெரியாத சின்னச் சின்ன அடி வருசக்கணக்கா சேர்ந்து, ஆட்டத்த விட்டு ரொம்ப நாள் கழிச்சு மூளை கொஞ்சம் கொஞ்சமாத் தேய ஆரம்பிக்கும். மறதி, கோபம், மனசு சோர்ந்துபோறது எல்லாம் அதுல வரும். உங்களுக்கு அதுவா இருக்கலாம்னு சந்தேகப்படுறேன். சந்தேகம்தான். உயிரோட இருக்கும்போது உறுதியாச் சொல்ல இப்ப வழி இல்ல. காலமான பிறகு மூளையை எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும்."

"செத்தாத்தான் தெரியுமா?" என்றாள் மாரி. "தெரிஞ்சு யாருக்கு லாபம்?"

டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். தூக்கத்துக்கும் கோபத்துக்கும் மருந்து தந்தார்கள். சரிசெய்யக்கூடியதைச் சரிசெய்வோம், இனிமேல் தலையில் ஒரு அடிகூடப் படக் கூடாது என்றார்கள். அவர்கள்மேல் எனக்கு மரியாதை வந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொன்னார்கள். நம் தொழிலில் அந்த வசதி கிடையாது. தூசி பறக்கும் இடத்தில், பத்துப் பேர் உருண்டு கிடக்கும்போது, தொட்டாளா தொடவில்லையா என்று பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் அந்த நொடியே கையைத் தூக்கிவிட வேண்டும்.

வண்ணார்பேட்டையில் பத்தமடை பஸ்ஸுக்கு நின்றோம். வீட்டுக்காரர் மருந்து வாங்கப் போனார். இரைச்சலுக்கு நடுவே மாரி என் காதருகே வந்தாள்.

"டீச்சர், ஞாயித்துக்கிழமை நான் காசு வாங்குனேன்னே சொல்லிருங்க."

"என்னட்டி பேசுத?"

"யோசிச்சுத்தான் சொல்லுதேன். காசு வாங்குனான்னா ரெண்டு வருசம் தடை போடுவாவ. ஊரு கொஞ்ச நாள் பேசும், அப்புறம் மறந்துரும். மூளைல கோளாறுன்னு வெளிய தெரிஞ்சா? என் மகளுக்கு இப்பத்தான் ஒரு நல்ல இடம் கூடி வருது. ஆத்தாளுக்குப் பைத்தியம்னா, பிள்ளைக்கும் வரும்பாவ. அடியால வந்ததுன்னு எத்தன வீட்டுல போயி நான் விளக்க முடியும்? கள்ளியா இருந்துட்டுப் போறேன் டீச்சர்."

மைதானத்தில் ஒரு புள்ளிகூட யாருக்கும் தப்பாகக் கொடுத்திராத பெண், தன்னைத் திருடி என்று எழுதச் சொல்லிக் கெஞ்சுகிறாள். கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை. சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. பஸ் வந்ததும் ஏற்றிவிட்டேன்.

ஞாயிறுவரை எனக்குச் சரியான தூக்கமில்லை. பொய் சொன்னால் ஒரு நேர்மையான நடுவரின் பெயர் போகும். மெய் சொன்னால் ஒரு பெண்ணின் கல்யாணம் போகும். என்னுடைய ஒரு வார்த்தை, ஆனால் விலை கொடுக்கப்போவது வேறொருத்தி. கடைசியில் இவ்வளவு தூரம் வந்தேன்: காசு வாங்கவில்லை என்று சொல்வேன், ரப்பர் பேண்ட் இரண்டு அணிக்கும் ஒரேபோல் மாறுவதைக் காட்டுவேன், அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டேன். மாரியின் நோய் மாரியின் சொத்து. அதைச் சொல்வதும் மறைப்பதும் அவள் இஷ்டம்.

கூட்டம் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் நடந்தது. ஜன்னலுக்கு வெளியே மைதானம். அங்கே பெண் பிள்ளைகள் பயிற்சி ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள். மாரியைக் கூப்பிடும்வரை வெளியே மரத்தடியில் இருக்கச் சொல்லியிருந்தார்கள். நான் வீடியோவைப் போட்டுக் காட்டினேன். செயலாளர் அண்ணாச்சி தலையைச் சொறிந்தார்.

"சரி டீச்சர், சிக்னல் இல்ல. ஒத்துக்கிடுதேன். அப்போ எதுக்கு மாத்துதா?"

"அது என்கிட்ட கேக்கக்கூடாத கேள்வி அண்ணாச்சி."

"பின்ன யார்ட்ட கேக்க? காரணம் இல்லாம விட்டா, நம்மளும் பங்கு வாங்கிட்டோம்பான்."

மற்றவர்களும் ஆளுக்கொன்றாகப் பேச ஆரம்பித்தார்கள். அப்போது வெளியே தலையும் தலையும் மோதும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் உங்களுக்கும் பழகியிருக்கும். எல்லோரும் ஜன்னலுக்கு வந்தோம். ஒரு பிள்ளை மண்ணில் கிடந்தாள். பிறகு கையை ஊன்றி எழுந்தாள். "எழும்பிட்டா! எழும்பிட்டா!" என்று தோழிகள் கைதட்டினார்கள். ஒருத்தி விளையாட்டுக்குத் தன் துப்பட்டாவைக் கொண்டுவந்து அவள் தோளில் துண்டுபோலப் போர்த்தினாள். கீழே விழுந்தவள் சிரித்துக்கொண்டே மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாள். பயிற்சியாளர் விசிலை வாய்க்குக் கொண்டுபோனார்.

மரத்தடியிலிருந்து மாரி ஓடினாள். கோட்டைத் தாண்டி உள்ளே போய் அந்தப் பிள்ளையின் இரண்டு தோளையும் பிடித்தாள்.

"நல்லா இருக்கேன்க்கா," என்றாள் பிள்ளை, கேட்பதற்கு முன்னாலேயே.

"அத நான் கேக்கல. இப்போ யாரு முறை?"

பிள்ளை இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. "எங்க முறையா?" என்றாள். "இல்ல... தெரியலக்கா."

"எனக்கும் தெரியாது," என்றாள் மாரி. "வா, நாம ரெண்டு பேரும் வெளிய ஒக்காருவோம்."

துப்பட்டாவைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு, அவளைப் பைய நடத்திக்கொண்டு மரத்தடிக்கு வந்தாள். பயிற்சியாளர் கத்தினார். இன்னும் அஞ்சு நிமிடம்தான் இருக்கு, அவளுக்கு ஒன்றுமில்லை என்றார். மாரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிள்ளையை யாராவது உடனே டாக்டரிடம் கூட்டிப் போங்கள் என்று ஜன்னலைப் பார்த்துச் சத்தம் போட்டாள். எங்களில் ஒருவர் ஓடிப்போய் வண்டியை எடுத்தார்.

பிள்ளை போன பிறகு மாரி வகுப்பறைக்குள் வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. மணிக்கட்டிலிருந்த சிவப்பு பேண்டைக் கழற்றிச் செயலாளரின் மேஜையில் வைத்தாள்.

"அண்ணாச்சி, காசு வாங்குனேன்னு சொல்லச் சொல்லி டீச்சரக் கெஞ்சுனேன். வாங்கல. எனக்கு முறை மறந்துபோவுது. தலையில அடிபட்டு அடிபட்டு மூளை கெட்டிருக்கும்னு டாக்டர் சந்தேகப்படுதாவ. தோத்த பிள்ளையகிட்ட என் தப்புன்னு சொல்லிருங்க, ஆட்டத்த மறுபடி வைங்க. நான் இனிமே விசில் ஊத மாட்டேன்."

அண்ணாச்சி எழுந்து நின்றார். கையைக் கூப்பினார், அவ்வளவுதான்.

அந்த ஆட்டத்தை மறுபடி நடத்தினார்கள். மாரி பயந்த மாதிரியே அந்தச் சம்பந்தம் கைவிட்டுப் போனது. உங்களுக்கு இதமாகச் சொல்வதற்காக நான் இதை மாற்றப்போவதில்லை. மூன்று நாள் மாரி சாப்பிடவில்லை. அவள் மகள்தான் தட்டைக் கொண்டுபோய் வைத்து, "கேட்டுட்டு ஓடுற வீட்டுக்கு நான் போயி என்ன செய்யப் போறேன்? சாப்பிடும்மா," என்று அதட்டினாளாம். மகளுக்கு அம்மாவின் தைரியம் வந்திருக்கிறது, தலையை மட்டும் முன்னால் கொடுக்க மாட்டாள்.

குழு ஒரு முடிவெடுத்தது. இங்கே நடக்கும் போட்டிகளில் தலையில் அடிபட்டவளுக்குத் துண்டு போர்த்தக் கூடாது. அவள் கோட்டுக்கு வெளியே போட்டிருக்கும் நாற்காலிக்கு வர வேண்டும், இப்போது யார் முறை என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். திணறினால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது, டாக்டரிடம் போக வேண்டும். சரியாகச் சொன்னாலும் தலைவலி, தலைசுற்றல், வாந்தி இருந்தால் அதே கதைதான். சொல்லுகிற பதிலைவிட முகத்தைப் பாருங்கள். கூட்டம் சத்தம் போடும், கமிட்டிக்காரர் கெஞ்சுவார், விழுந்தவளே உங்களைத் திட்டுவாள். திட்டட்டும்.

அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்கிற வேலையை மாரி வாங்கிக்கொண்டாள். அவள் கேட்டால் எந்தப் பிள்ளையும் மழுப்புவதில்லை. இரும்புத்தலை கேட்கிறாள் என்றால் எல்லோருக்கும் அர்த்தம் தெரியும். "இப்போ யாரு முறை?" என்று கேட்டுவிட்டு, மாரி என் முகத்தைப் பார்ப்பாள். பதில் அவளுக்குத் தெரியாது. அதற்காகத்தான் அவளுக்குப் பக்கத்தில் நான் உட்காருகிறேன், ஒவ்வொரு ரைடையும் கவனித்துக்கொண்டு. சரியென்றால் தலையசைப்பேன், இல்லையென்றால் கண்ணை மூடுவேன்.

எனக்கும் வயதாகிறது. மாரிக்கு மறதி கூடிக்கொண்டு வருகிறது. போன வாரம் என் பெயரைக் கேட்டாள். கேள்வியை மட்டும் இன்னும் மறக்கவில்லை. நான் வர முடியாத ஒரு நாளில் உங்களில் ஒருவர் அவள் பக்கத்தில் வந்து உட்காருங்கள். அவள் கேட்பாள். யார் முறை என்று நீங்கள் தெரிந்துவைத்திருங்கள்.